சோலை என்னை மேடம் என்று கூப்பிட்ட நாள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தைரியசாலி இல்லை. துணைமின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்த காலம் முழுவதும் எனக்குப் 'பதட்டக்கா' என்றுதான் பெயர். நேரில் சொல்ல மாட்டார்கள். ஆனால் என் காதில் விழும்படி சொல்வார்கள். டெலிபோன் மணி அடித்தாலே துள்ளி எழுந்துவிடுவேன். ஓய்வு பெற்று வில்லாபுரத்தில் வீட்டோடு இருக்கும் இப்போதும், குக்கர் விசில் கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் எழுந்து நின்றுவிடுகிறேன். அதனால் பயப்படாமல் வேலை பாருங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கையுறை, இடுப்பு பெல்ட், தப்பித்தவறி கரண்ட் வந்தாலும் அதை மண்ணுக்குள் இறக்கி ஆளைக் காப்பாற்றுகிற எர்த் ராடு இவற்றைப் பற்றிச் சொல்ல ஆட்கள் வரிசையாக இருந்ததால், எனக்குக் கிடைத்தது டீ வருகிற நேரம். உங்களில் பாதிப் பேர் கண் வடைத் தட்டின் மேல்தான் இருந்தது. குறை சொல்லவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் வடையைத்தான் பார்த்திருப்பேன். அன்று சொல்ல முடியாமல் போனதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆளுக்கு ஆள் பேசுகிற விதம் மாறும், அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். இதை ஒரு பெரிய விஷயமாக எழுத வந்துவிட்டாளே என்று தோன்றும். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம் வேலையில் ஒரு விநோதம் உண்டு. கம்பத்தில் ஏறுகிறவர் ஓர் ஊரில் இருக்கிறார். அவர் உயிரைக் கையில் வைத்திருக்கிறவர் வேறோர் ஊரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். நடுவில் இருப்பது குரல் மட்டும். வேலைக்கு முன் அவர் என்னைக் கூப்பிட்டு லைனை நிறுத்தச் சொல்வார். நான் நிறுத்திவிட்டு, நிறுத்தியாயிற்று என்பேன். வேலை முடிந்ததும் அதே ஆள் கூப்பிட்டு, எல்லாரும் இறங்கிவிட்டார்கள், லைன் விடலாம் என்று திருப்பித் தரவேண்டும். லைன் கிளியர் வாங்குவது, திருப்புவது என்று நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவர் திருப்பித் தராமல் நான் சுவிட்சைத் தொடக்கூடாது. திருப்பித் தந்த பிறகு சும்மா உட்கார்ந்திருக்கவும் கூடாது, ஏனென்றால் அந்தப் பக்கம் ஊரே கரண்ட் இல்லாமல் காத்திருக்கிறது. விதி அவ்வளவுதான். யார் எந்தக் குரலில் சொன்னார்கள் என்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

கத்துகிற ஆளிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே உங்களில் பலருக்கு அவர் வாய்த்திருப்பார். எங்கள் பகுதிக்கு வந்த பொறியாளர் அப்படிப்பட்டவர். அவர் பேசினால் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துத்தான் கேட்க முடியும். "என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க அங்க?" என்பதுதான் அவருடைய வணக்கம். வந்த புதிதில், அவர் போனை வைத்த பிறகு அவர் என்ன சொன்னார் என்பதே எனக்கு நினைவிருக்காது. பிறகு ஒரு நாள் திருப்பரங்குன்றத்தில், அலுவலகத்தில் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். "ரசம் எங்கப்பா, ரசம்" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், மண்டபமே திரும்பியது. பரிமாறுகிறவர் பதறி ஓடிவந்தார். இவர் அவரைப் பார்த்துச் சிரித்து, "மெதுவா ஊத்துங்கண்ணே, அவசரமில்ல" என்றார். அதையும் கத்தித்தான் சொன்னார்.

டிரான்ஸ்பார்மர் வெடித்தாலும் அதே குரல், ரசம் வரத் தாமதமானாலும் அதே குரல் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதன்பிறகு அவர் கத்தும்போது சத்தத்தை ஒதுக்கிவிட்டு வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொள்ளப் பழகினேன், மீனில் முள்ளை ஒதுக்குவதுபோல. பயம் நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். குறைந்தது.

சோலை வேறு ரகம். சோழவந்தான் பக்கத்து லைன்மேன். வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே போகிற லைன்கள் அவர் பொறுப்பு. என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்பார். வேலை முடிந்தது என்று அவர் சொல்வது இப்படி இருக்கும்:

"அக்கா, சாப்பிட்டீகளா? இங்கிட்டு என்னா வெயிலுங்கிறீக. கொடிக்கால்காரவுக மோர் குடுத்தாக, நல்லா கருவேப்பிலையெல்லாம் போட்டு. நீங்க இருந்தா ஒரு சொம்பு குடிச்சிருப்பீக. அப்பறம், நம்ம கருப்பையாண்ணே மகளுக்கு நிச்சயம் வச்சிருக்காகளாம், உங்கள்ட்ட சொன்னாரா? அவரு எங்க சொல்லப்போறாரு. வேலை முடிஞ்சுச்சுக்கா, எல்லாம் எறங்கிட்டோம், லைன் விடுங்க."

விஷயம் கடைசி வரியில் இருக்கும். அதற்குள் வேறு இரண்டு போன் அடித்து ஓய்ந்திருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன்.

எனக்கு அடுத்த ஷிப்டுக்கு வரும் ஓர் அம்மாள் இருந்தார். எனக்கு அவரைப் பிடிக்காது. சாப்பிட்ட டிபன் பாக்ஸைக் கழுவாமல் மேசை மேலேயே வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் ஷிப்ட் மாற்றும் நேரத்தில் அவர் சோலையோடு பேசிக்கொண்டிருந்தார். வெயிலுக்குப் பதில் சொன்னார், மோருக்குப் பதில் சொன்னார், இன்னும் கொஞ்சம் கதையைக் கேட்டு வாங்கினார். வைத்ததும், "இம்புட்டுக் கதை எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"கதை சொல்ற வரைக்கும் அவன் நல்லாருக்கான்டி. மோர் குடிச்சேங்கிறான்னா, கீழ எறங்கி நெழல்ல உக்காந்துட்டான்னுதானே? ரூல்ஸ்ல உள்ளதை மட்டும் சொன்னான்னா எனக்கு என்னா தெரியும்?" என்றார்.

டிபன் பாக்ஸ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சோலையின் கதைகளை நான் நடுவில் வெட்டியதில்லை.

சோலையோடு எப்போதும் சேர்ந்து போகிறவர் கருப்பையா. வயர்மேன். சோலைக்கு மூத்தவர், எனக்கு ஓரிரு வயது இளையவர், ஆனாலும் எல்லாருக்கும் அண்ணன். வேலையில் சுத்தம், வாயில் பூட்டு. தேவை என்றாலும் பேச மாட்டார். கம்பத்தில் ஏறும்போது போனை பைக் பெட்டியில் வைத்துவிடுவார், இறங்கிய பிறகும் அதைத் தேடமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சோலை பேசுகிறாரே என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவது அவர் வழக்கம். எங்களுக்கெல்லாம் அது பழகிப்போயிருந்தது.

இன்னும் ஒருவரைச் சொன்னால் போதும். சோலை பார்க்கிற லைனில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. என் மகளுக்கு அங்கேதான் பிரசவம் பார்த்தோம். அந்த டாக்டரம்மா சாதாரண நாளில் கலகலவென்று பேசுவார். பேரன் பிறந்த அன்று, பிரசவ அறையிலிருந்து எட்டிப்பார்த்து, "அம்மா, கொஞ்சம் வெளிய உக்காருங்க, ஒண்ணுமில்ல" என்று அவ்வளவு மெதுவாகச் சொன்னார். என்ன தன்மையான பேச்சு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்று எல்லாம் முடிந்த பிறகுதான் நர்ஸ் சொன்னார். விஷயம் பெரிதாகப் பெரிதாக அந்த அம்மாவின் குரல் தணிந்துகொண்டே போகும்.

இந்த நான்கு பேரும் ஒரே மத்தியானத்தில் என் போனுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடை. மழைக்கு முன்னால் வருமே ஒரு காற்று, அது சுழற்றியடித்தது. தென்னை மட்டைகள் விழுந்து சோழவந்தான் பக்கத்து லைன் ஒன்று போய்விட்டது. சோலை கூப்பிட்டு லைன் கிளியர் வாங்கினார். "காத்து சும்மா ஆளைத் தூக்குதுக்கா. கருப்பையாண்ணே இருக்க கனத்துக்குப் பறந்தே போயிருவாரு போல" என்று சொல்லிவிட்டு, இரண்டு இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது, ஒன்றைத் தான் பார்ப்பதாகவும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் கருப்பையா பார்ப்பதாகவும் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"அம்மா, நல்லாருக்கீங்களா? ஒண்ணுமில்ல. டேபிள்ல ஒரு கேஸ் இருக்கு. ஜெனரேட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணுது. கரண்ட் எப்ப வரும்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.  வேறு வழியில் அந்த ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் கொடுக்க முடியுமா என்று பார்த்தால், அந்த வழியும் அதே கொடிக்கால்களுக்குள்தான் போகிறது, அதையும் சேர்த்துத்தான் நிறுத்தியிருந்தேன்.

அடுத்தது பொறியாளர். காற்று கொஞ்சம் தணிந்ததும் அவரே சம்பவ இடத்துக்குப் போயிருந்தார்.

"நான் ஸ்பாட்லதான் நிக்கிறேன். ஆஸ்பத்திரியில இருந்து எனக்கும் போன் வந்துருச்சு. வேலை முடியப்போகுது. சோலை கூப்பிட்ட உடனே விடணும். தூங்கிக்கிட்டு இருக்காதீங்க."

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் உயிர் ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் வெயிலில் போய் நின்ற அதிகாரி அவர். எல்லா அதிகாரிகளும் போக மாட்டார்கள்.

பிறகு சோலையின் போன் வந்தது. எடுத்து, கதைக்குத் தயாராகக் காத்திருந்தேன்.

"மேடம். வேலை முடிஞ்சுருச்சு. எல்லாம் எறங்கியாச்சு. லைன் விட்டுருங்க."

"சரி" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. லைன் கிளியர் வாங்கிய ஆளே திருப்பித் தந்துவிட்டார். சொல்லவேண்டிய வார்த்தை ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. சுவிட்ச் வரைக்கும் போய்விட்டேன். கை அதற்கு மேல் போகவில்லை. என்னவென்று முதலில் எனக்கே விளங்கவில்லை. சாப்பிட்டீகளா இல்லை, காற்று இல்லை, மோர் இல்லை. அக்கா இல்லை. அத்தனை வருடத்தில் சோலை என்னை மேடம் என்று கூப்பிட்டதே கிடையாது.

எனக்கு நானே சமாதானமும் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் அதிகாரி நிற்கிறார், மரியாதைக்கு மேடம் என்று சொல்லியிருப்பார், அதிகாரி முன்னால் யார் மோர்க் கதை பேசுவார்கள்? நியாயமான காரணம்தான். ஆனால் அதே காரணத்தைத் திருப்பிப் போட்டால் வேறொன்று வந்தது. பக்கத்தில் அதிகாரி நிற்கிறார், அதனால் அவர் சொல்லச் சொன்னதைச் சோலை சொல்லியிருப்பார். சோலை பொய் பேசுகிறவர் இல்லை. ஆனால் பெரியவர்களை எதிர்த்து 'இல்லை' என்ற வார்த்தை அவர் வாயில் வராது. நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம், நானும்தான்.

ஒரு பக்கம் டாக்டரம்மாவின் தணிந்த குரல். இன்னொரு பக்கம் எனக்கு வந்த ஒரு சந்தேகம், அதுவும் பதட்டக்காவுக்கு வந்த சந்தேகம். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். மேடம் என்று கூப்பிட்டதால் நான் லைன் விடவில்லை என்று நாளைக்கு விசாரணையில் சொல்ல முடியுமா? அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயத்தைச் சொல்லி மாளாது. விட்டாலும் ஓர் உயிர், விடாவிட்டாலும் ஓர் உயிர் என்று மனசு அடித்துக்கொண்டது.

சோலையைத் திரும்பக் கூப்பிட்டேன். முடிந்ததா என்று கேட்கவில்லை. கேட்டால் முடிந்தது என்றுதான் மறுபடியும் சொல்வார். வேறு வழியில் போனேன்.

"சோலை, சாப்பிட்டீங்களா?"

 காற்றுச் சத்தம் கேட்டது.

"இல்லக்கா," என்றார்.

அக்கா திரும்பி வந்துவிட்டது. 

"மோர் கீர் ஏதாச்சும் குடிச்சீங்களா?"

"இல்லக்கா."

"கருப்பையாண்ணன் மக நிச்சயம் என்னாச்சு? நான் இன்னும் விசாரிக்கவே இல்ல. அவர்ட்ட போனைக் குடுங்க, நானே கேட்டுக்கிறேன்."

 "அண்ணே இங்கிட்டு இல்லக்கா. வாய்க்காலுக்கு அங்கிட்டு இருக்காரு."

"நீங்க அவரைப் பாத்தீங்களா சோலை?"

பின்னால் பொறியாளரின் குரல், "என்னய்யா அங்க குடும்பக் கதை?" என்று கேட்டது. சோலை குரலை இறக்கி, "பாக்கலக்கா" என்றார்.

அதற்குள் போன் கைமாறிவிட்டது.

"மேடம், என்ன விளையாடுறீங்களா? கருப்பையா போஸ்ட்ல இருந்து எறங்குனதை நானே என் கண்ணால பாத்தேன். அங்க ஒரு பொம்பளை டேபிள்ல கெடக்கு. அந்த உசுருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

முள்ளை ஒதுக்கினேன். மிச்சம் இருந்த வார்த்தைகள் இவை: கருப்பையா ஒரு கம்பத்திலிருந்து இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார். இறங்கிய பிறகு கருப்பையா என்ன செய்தார் என்பதை அவர் பார்க்கவில்லை. கருப்பையா அதை யாரிடமும் சொல்லியிருக்கவும் மாட்டார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சத்தமாகப் பேசினால் விரலில் அடி வாங்கி வளர்ந்தவள் நான். மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அவருக்கு மெதுவான பேச்சு காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில் அவர் ரசம் கேட்ட அதே தொண்டையில் நானும் கத்தினேன்.

"கருப்பையா குரலைக் கேக்காம நான் லைன் விட மாட்டேன் சார். என்னமும் செஞ்சுக்கோங்க."

அந்தப் பக்கத்திலிருந்து, "சரி, இருங்க. சோலை, ஓடுய்யா" என்று கேட்டது. அதுவும் கத்தல்தான், ஆனால் என்னை நோக்கி இல்லை.

டாக்டரம்மாவை நானே கூப்பிட்டேன். அவர் தானாகக் கேட்கமாட்டார், தானாகச் சொல்லவும் மாட்டார். நேராகக் கேட்டால்தான் உண்டு.

"டாக்டரம்மா, மறைக்காம சொல்லுங்க. உள்ள என்ன நிலைமை?"

"குழந்தையை எடுத்தாச்சும்மா. அம்மாவுக்கு ரத்தம் நிக்கல. ரத்தத்தை உறிஞ்சுற மெஷின் ஜெனரேட்டர்லதான் ஓடுது. அது எப்ப நிக்கும்னு தெரியல."

"லைன் விடச் சொல்லிட்டாங்க. ஆனா ஒரு ஆள் கம்பத்துல இருக்காரோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. தெரியாம விட மனசு வரல."

நான் அதுவரை கேட்டதிலேயே மிக மெல்லிய குரலில், "விடாதீங்கம்மா. நாங்க கையால பாத்துக்கிறோம்" என்றார்.

போனை வைத்துவிட்டு அழுதுவிட்டேன். சந்தேகம் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். கருப்பையா எங்கோ மர நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தால்? என் பயத்துக்காக ஒரு பெண் அங்கே ரத்தம் சிந்திக்கொண்டிருந்தால்? கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு, "இயேசப்பா, அந்த ஆள் கம்பத்துல இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். என்ன ஜெபம் பாருங்கள். ஒரு மனிதன் ஆபத்தில் இருக்கட்டும் என்று வேண்டிய ஜெபம். அடுத்த கணமே, "இல்லப்பா, அவர் கீழ இருக்கட்டும்" என்று மாற்றிக்கொண்டேன். போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. மாவு மில், கல்யாண மண்டபம், யார் யாரோ. கரண்ட் எப்ப வரும்? கரண்ட் எப்ப வரும்?

அப்போது எனக்குத் தெரியாத ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடம். கருப்பையா. எறங்கிட்டேன்."

வைத்துவிட்டார். அவர் எண் என்னிடம் இருந்ததே இல்லை.

அடுத்தது சோலை. மூச்சு வாங்கியது. "அக்கா, அடுத்த போஸ்ட்ல இருந்தாருக்கா. தென்னைக்குப் பின்னாடி. இங்கருந்து பாத்தா ஆளே தெரியாதுக்கா. அங்கயும் ஒரு கம்பி தொங்குதுன்னு பாத்துட்டு அவரு பாட்டுக்கு ஏறியிருக்காரு. நான் கத்துறேன், காத்துல கேக்கல. கல்லை எடுத்து போஸ்ட்டைத் தட்டுன பெறகுதேன் குனிஞ்சு பாத்தாரு. கம்பியைக் கையில பிடிச்சிருந்தாருக்கா. எர்த் ராடை வேற நான் கழட்டிட்டேன்க்கா."

அவர் அழுகிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"இப்ப எல்லாரும் ஒண்ணா நிக்கிறோம்க்கா. அண்ணே என் கையைப் பிடிச்சிருக்காரு. சாரும் இங்கதேன் இருக்காரு. லைன் விடுங்கக்கா."

விட்டேன்.

ஆஸ்பத்திரியில் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் டாக்டரம்மாவே கூப்பிட்டார். எடுத்ததும், "என்னம்மா, பேரன் நடக்குறானா? சேட்டை ஜாஸ்தியா?" என்று கலகலவென்று கேட்டார். மீதியை அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள்.

மறுநாள் பொறியாளர் துணைமின் நிலையத்துக்கு வந்தார். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்து, "இந்த ஃபேன் ஏன் இப்படிக் கத்துது?" என்று கத்தினார். புது ஃபேன் போடச் சொல்லி அங்கேயே நின்று உத்தரவு போட்டார். டீ வாங்கிவரச் சொன்னார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகும்போது வாசலில் நின்று, திரும்பாமல், "முழுசா பாத்துட்டேன்னு நெனச்சேன் மேடம்" என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். புது ஃபேன் அந்த வாரமே வந்தது.

சோலையிடம் ஒரு நாள், "அன்னைக்கு ஏன் என்னை மேடம்னு கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன். எனக்குச் சைகை காட்டத்தான் அப்படிச் சொன்னாரோ என்று எனக்கு ஒரு நினைப்பு. "நானா? போங்கக்கா, உங்களைப் போயி மேடம்பேனா? அக்கான்னுதேன் சொல்லியிருப்பேன்" என்றார். அவருக்கு நினைவே இல்லை. அவர் மனசு கனத்துப்போனதை அவர் குரல் மட்டும் சொல்லியிருக்கிறது, அவருக்குத் தெரியாமலே.

இப்போது நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேலை முடிந்ததும் கட்டைவிரல் படம் போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பதிவு இருப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் சோலையின் கட்டைவிரலும் கருப்பையாவின் கட்டைவிரலும் அதில் ஒரே மஞ்சள் நிறத்தில்தான் இருக்கும். பயந்துகொண்டு போட்ட விரலும் அப்படியேதான் தெரியும். அதைப் போட்ட பிறகு ஒரு போனும் போட்டுப் பேசிவிடுங்கள். சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள். பதட்டக்காவின் பேச்சு என்று சிரித்துக்கொண்டாவது கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த நாளுக்குப் பிறகு கருப்பையா அண்ணன் போனைச் சட்டைப்பைக்கு மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு முறை வேலை முடிந்து இறங்கியதும், சோலை லைன் கிளியர் திருப்புவதற்கு முன்னால், அவரே என்னைக் கூப்பிடுவார். "எறங்கிட்டேன்" என்பார். வணக்கம் கிடையாது, என் பதிலுக்குக் காத்திருப்பதும் கிடையாது. நான் "சரிண்ணே" என்று சொல்லும்போது பாதி நேரம் போன் செத்திருக்கும்.

என் கடைசி வேலை நாளிலும் கூப்பிட்டார். "எறங்கிட்டேன்" என்றார். நான் "சரிண்ணே" என்றேன். அன்று அவர் வைக்கவில்லை. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. போனை வைக்கிற பொத்தான் சரியாக அமுங்கவில்லையோ என்று நினைத்தேன்.

"நாளையில இருந்து யார்ட்ட மேடம் சொல்றது?" என்று கேட்டார்.

அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அவர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார், இன்னும் ஏறுகிறார். நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உங்களில் ஒருவர் உட்காரப்போகிறீர்கள். அவர் கூப்பிட்டால் உடனே எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவார்.